பிரைட்ஹோர்ன் ஒருநாள் பனிமலை ஏற்றம்: வழிகாட்டிச் சேவை குறித்த ஒரு மதிப்பீடு

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 4,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்களுள் மிக எளிதானது என்று விளம்பரப்படுத்தப்படும் பிரைட்ஹோர்ன், சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையிலான எல்லைக்கோட்டின் மீதே, செர்மாட் என்னும் மலையூருக்குத் தெற்கே நிற்கிறது. பெரும்பாலோர் ஏறுகிற அதன் மேற்குச் சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 4,160 மீட்டர். காலையில் ஊரிலிருந்து கேபிள் காரில் புறப்பட்டு, பனியாற்றைக் கடந்து, சிகரத்தைத் தொட்டு, பிற்பகலுக்குள் கீழே திரும்பிவிட முடியும் என்பதால், முன்பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு செர்மாட்டின் வழிகாட்டி நிறுவனங்கள் இதனைக் கோடையில் ஒருநாள் சேவையாக நடத்துகின்றன. நண்பர்கள் நால்வர் அச்சேவையைப் பெற்றுச் சென்றுவந்ததை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பல நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே முறையைப் பின்பற்றுவதால் நாங்கள் சென்ற நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வழிகாட்டிக்குக் கொடுத்த பணம் தகும். ஆனால் அந்தப் பணம் எதற்காக என்பதை விளம்பரங்கள் சரியாகச் சொல்வதில்லை. அவற்றை நம்பிப் போகிறவர்கள், தமக்குக் கிடைத்த சேவையின் முக்கியமான பகுதியைக் கவனிக்காமலேயே திரும்பிவிடக்கூடும்.

இந்த ஏற்றம் எளிதாகத் தோன்றுவதற்கு முதற்காரணம் கேபிள் கார். செர்மாட் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஃபூரி, ட்ரோக்கனர் ஷ்டேக் ஆகிய நிலையங்கள் வழியாக, 3,883 மீட்டர் உயரமுள்ள கிளைன் மேட்டர்ஹோர்ன் என்னும் பாறை முகட்டுக்குக் கேபிள் கார் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 1979-இல் முதன்முதலாக அங்கே கேபிள் கார் ஓடத் தொடங்கியது. மூன்று வடங்களைக் கொண்ட புதிய தடம் 2018-இலும், இத்தாலிப் பக்கத்து டெஸ்டா கிரிஜாவிலிருந்து வரும் இணைப்பு 2023-இலும் திறக்கப்பட்டன. ஆக, சிகரத்துக்கான மொத்த ஏற்றத்தில் ஏறத்தாழ 2,200 மீட்டரை இயந்திரம் செய்துவிடுகிறது. நம் கால்களுக்கு மிஞ்சுவது 400 மீட்டருக்கும் குறைவு. 1813 ஆகஸ்டில் ஹென்றி மேனார்டும் அவருடன் வந்த வழிகாட்டிகளும் இச்சிகரத்தை முதன்முதலாக அடைந்தபோது அந்த வசதி எதுவும் கிடையாது. அவர்கள் ஏறிய மலையையும் இன்று நாம் ஏறுகிற மலையையும் ஒன்றாகப் பேசுவது கொஞ்சம் மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் பனியாறு அதே பனியாறுதான். அதன் ஆபத்தைக் கேபிள் கார் குறைத்துவிடவில்லை.

செலவைப் பார்க்கலாம். எங்களிடம் ஒருவருக்கு 200 பிராங்கை ஒட்டிய தொகை வழிகாட்டிக் கட்டணமாக வாங்கப்பட்டது. வழிகாட்டி, கயிறு, இடுப்பில் கட்டும் ஹார்னெஸ் ஆகியவை அதில் அடக்கம். கேபிள் கார்ப் பயணச்சீட்டு அதில் சேராது. போய்வர அது பருவத்தைப் பொறுத்து ஏறத்தாழ 100 பிராங்க், கோடை உச்சத்தில் அதற்கும் மேல். சுவிட்சர்லாந்தின் அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சீட்டில் பாதி குறைகிறது. இந்த ஒரே பயணத்தில் அட்டைச் செலவின் கணிசமான பகுதி மீண்டுவிடும் என்பதால், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அதை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது. பனிக்காலணிகளும், காலணிக்கு அடியில் பொருத்தும் முட்கட்டைகளாகிய கிராம்பான்களும் தனி வாடகை. அறையும் உணவும் சேர்ந்தால் தலைக்கு 500 பிராங்கை எளிதில் நெருங்கும். விளம்பரப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வழிகாட்டிக் கட்டணம் மட்டுமே என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வாடகைப் பொருள்களை முந்தைய நாள் மாலையே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. கிராம்பான் எல்லாக் காலணிகளுக்கும் பொருந்தாது. அடிப்பகுதி வளையாத, குதிகாலில் பிடிப்புக்கான விளிம்புள்ள மலைக்காலணி வேண்டும். நடைப்பயணத்துக்கு அணியும் சாதாரணக் காலணியில் கட்டினால் சரிவில் கழன்றுகொள்ளக்கூடும். கடைக்காரர் ஒவ்வொருவரையும் சாய்பலகையில் ஏறி இறங்கச் சொல்லி, இறங்கும்போது கால்விரல் முன்பக்கம் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே காலணியைக் கொடுத்தார். கிராம்பானை அந்தக் காலணியிலேயே பொருத்தி, நீளத்தைச் சரிசெய்து, அடுத்தநாள் காலையில் குளிரில் விரல் விறைத்துப்போய்த் திருகாணியோடு போராட வேண்டிய தேவை இல்லாதபடி தயார்நிலையில் தந்தார். முட்களின் இடையே ஈரப்பனி கட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ரப்பர்த் தகடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மதியவேளையில் இறங்கும்போது அது இல்லாதவர்கள் சில அடிக்கு ஒருமுறை நின்று காலணியைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம்.

நிறுவனம் அனுப்பிய தகவல் தாளில் எனக்குக் குறை உண்டு. என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல் நன்றாகவே இருந்தது. உயரத்தைப் பற்றி மட்டும் ஒரே வரியில், உடல்நலத்துடன் இருப்பவர்கள் வரலாம் என்ற பொருள்படச் சொல்லி முடித்துவிட்டார்கள். 4,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைகிறது. நடந்து ஏறுபவருக்கு உடல் பழகிக்கொள்ள நாள்கள் கிடைக்கின்றன. கேபிள் காரில் செல்பவருக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. நல்ல உடற்கட்டும் தினசரி ஓட்டப்பழக்கமும் உள்ளவர்களுக்கும் தலைவலியும் குமட்டலும் வரலாம். உடல்வலிமைக்கும் உயரநோய்க்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதே இதில் பலருக்கும் வியப்பளிப்பது. மாலைவேளைகளில் நன்றாகத் தண்ணீர் குடித்து, மதுவைத் தவிர்த்து, குறைந்தது ஓர் இரவாவது செர்மாட்டிலோ அதைவிட உயரமான ஓரிடத்திலோ தங்குங்கள் என்று அந்தத் தாளில் இரண்டு வரிகள் கூடுதலாக எழுதியிருந்தால் போதும். சூரிச்சிலிருந்து செர்மாட்டுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், முதல் கேபிள் காரைப் பிடிக்க எப்படியும் முந்தைய இரவு அங்கே தங்கத்தான் வேண்டும். இரண்டு இரவுகளாக்கிக்கொண்டு, இடைப்பட்ட நாளில் கோர்னர்கிராட் முகட்டுக்கோ வேறு உயரமான இடத்துக்கோ போய்வந்தால் உடல் இன்னும் நன்றாக ஒத்துழைக்கும். காரில் வருபவர்கள் டேஷ் ஊரில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிறு ரயிலில்தான் செர்மாட்டுக்குள் வர முடியும்; அங்கே எரிபொருள் வாகனங்களுக்கு அனுமதியில்லை.

கேபிள் கார்ப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்டிகள் விசாலமானவை, இருக்கைகள் வசதியானவை, மேட்டர்ஹோர்ன் சிகரம் ஒருபுறமாகவே நகர்ந்து வரும். சில பெட்டிகளில் படிகக் கற்களைப் பதித்து, கண்ணாடித் தரையும் வைத்துக் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். மலையேறப் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

உண்மையான சேவை மேல்நிலையத்தில்தான் தொடங்குகிறது. பாறையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாக மலையின் தென்புறத்துக்கு வந்து, வெளிச்சம் கண்ணைக் கூசச்செய்யும் பனிவெளியின் ஓரத்தில் வழிகாட்டி எங்களை நிறுத்தினார். பன்னாட்டு மலைவழிகாட்டிகள் கூட்டமைப்பின் சின்னம் அவருடைய சட்டையில் இருந்தது. பாறை, பனி, பனிச்சறுக்கு, மீட்புப்பணி ஆகிய எல்லாவற்றிலும் பல ஆண்டுப் பயிற்சியும் தேர்வும் முடித்த பிறகே அந்தச் சின்னம் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது வழிகாட்டிக்கு அது உண்டா என்று கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை. அவர் ஒவ்வொருவருடைய ஹார்னெஸையும் தம் கையால் இழுத்துப்பார்த்தார், கொக்கிகளைத் திருகிப் பூட்டினார், கிராம்பான் வாரின் தொங்கும் நுனியைச் செருகிவைத்தார். எங்களை ஒரே கயிற்றில், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே பல மீட்டர் இடைவெளி விட்டுக் கட்டினார். தாம் முன்னே, மலைப்பழக்கம் உள்ள நண்பர் கடைசியில், பனியில் முதன்முறையாகக் கால்வைக்கும் இருவர் நடுவில் என்று வரிசையையும் அவரே முடிவு செய்தார்.

பிறகு கயிற்றைப் பற்றிய பாடம். இதற்காகத்தான் நாம் பணம் கொடுக்கிறோம் என்பது என் கருத்து. கயிறு பனித்தரையை லேசாகத் தொடும் அளவுக்குத் தளர்ந்திருக்கலாம், அதைவிடத் தளரக்கூடாது. கையில் சுருட்டிப் பிடிக்கக்கூடாது. முன்னே செல்பவர் நின்றால் நாமும் அதே இடத்தில் நிற்க வேண்டுமே தவிர, பேசுவதற்காகவோ படமெடுப்பதற்காகவோ அவரருகே போய்க் கூடக்கூடாது. காரணத்தையும் அவர் தெளிவாகச் சொன்னார். பனியாற்றின் மேல் படிந்த பனி, அடியிலுள்ள பிளவுகளைப் பாலம்போல மூடிவைத்திருக்கிறது. ஒருவர் காலடியில் அது உடைந்தால், இறுக்கமான கயிற்றில் அவர் இடுப்பளவோடு நின்றுவிடுவார், தளர்ந்த கயிற்றில் அந்தத் தளர்வின் நீளம் முழுவதும் விழுந்து, மற்றவர்களையும் இழுத்துவிடுவார். இருவர் அருகருகே நின்றால் ஒரே பாலத்தின் மீது இருவர் சுமையும் இறங்கும். பத்து நிமிடத்தில் அவர் சொன்ன இந்த மூன்று நான்கு விதிகளை, திரும்பி வரும்வரை அவர் ஒருமுறைகூடத் தளர்த்தவில்லை. படமெடுக்க நின்ற நண்பரின் பின்னால் நான் இரண்டு அடி அதிகமாக நெருங்கியதற்கே முன்னாலிருந்து குரல் வந்தது.

முதல் அரைமணி நேர நடை பனிச்சறுக்குத் தடங்களை ஒட்டியே போகிறது. தெயோடுல் பனியாற்றில் கோடையிலும் பனிச்சறுக்கு நடப்பதால், பல நாட்டு அணிகள் பயிற்சிக்காக அங்கே வருகின்றன. இழுவைக் கம்பிகள், கொடிகள், பனியைச் சமன்செய்யும் இயந்திரங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கையில், நம்மைச் சுற்றியிருப்பது ஆபத்தான நிலம் என்ற எண்ணம் எளிதில் வருவதில்லை. தடத்தைக் கடந்து பிரைட்ஹோர்ன் சமவெளிக்குள் நுழைந்த பிறகும் அப்படித்தான். அகன்ற, மெல்லச் சரியும் வெண்ணிற வெளி; அதன் மறுகோடியில் மழுங்கிய பனிக்குவடு. ஊட்டியின் புல்வெளியில் நடப்பதுபோல நடந்துவிடலாம் என்று தோன்றுகிறது. வழிகாட்டி மட்டும் தடி கொண்டு அவ்வப்போது பனியைக் குத்திப்பார்த்து, ஏற்கெனவே மிதிபட்ட பாதையிலிருந்து ஓரிடத்தில் விலகி, இருபது மீட்டர் சுற்றிப் போனார். அங்கே பனியின் மேற்பரப்பில் விரல்கனமுள்ள ஒரு நிழல்கோடு இருந்தது. அவர் காட்டியிராவிட்டால் எங்களில் ஒருவரும் அதைப் பார்த்திருக்க மாட்டோம்.

இந்தப் பகுதிப் பனியாறு தான் விழுங்கியதைச் சில வேளைகளில் திருப்பித் தருவதுண்டு. சற்றுக் கீழேயுள்ள தெயோடுல் கணவாயை அடுத்த பனியிலிருந்து 1980-களில் ஒருவருடைய எலும்புகளும் ஆயுதங்களும் நாணயங்களும் வெளிப்பட்டன. 1600-ஐ ஒட்டிய காலத்தவர் எனக் கணிக்கப்பட்ட அவரைத் தெயோடுல் கூலிப்படைவீரர் என்றே நெடுநாள் அழைத்துவந்தார்கள். பின்னர் அவர் வசதிபடைத்த வழிப்போக்கராகவும் இருந்திருக்கலாம் என்ற கருத்து வந்தது. ஆயுதமும் பணமும் வைத்திருந்த ஒருவர், வணிகர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த வழியில், சமதளம்போலத் தெரியும் பனியில் மாண்டிருக்கிறார். வழிகாட்டி இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால் நான் இங்கே சேர்க்கிறேன். பொதுவாகவே அவர் மலையின் வரலாற்றைப் பற்றிக் குறைவாகவே பேசினார். அதைக் குறையாகக் கருதுபவர்களும் இருக்கலாம்.

பனிப்பாலங்கள் இரவுக்குளிரில் உறைந்து வலுப்பெற்று, வெயில் ஏற ஏறத் தளர்கின்றன. முதல் கேபிள் காரிலேயே கிளம்ப வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான். பத்து மணிக்கு மேல் மேல்நிலையத்தில் வந்திறங்கி, சாவகாசமாகக் காபி குடித்துவிட்டு நடக்கத் தொடங்கும் குழுக்களையும் பார்த்தோம். அவர்கள் திரும்பும்போது பனி எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. அண்மை ஆண்டுகளின் வெப்பம் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கிவிட்டது. சுவிஸ் பனியாற்றுக் கண்காணிப்பு வலையமைப்பின் அளவீட்டின்படி, 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டுப் பனியாறுகள் தம் கன அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்தன. 2022 ஜூலை இறுதியில், ஆண்டு முழுவதும் இயங்கும் செர்மாட்டின் பனிச்சறுக்குத் தளமே பனி போதாமல் நிறுத்தப்பட்டது. பருவத்தின் தொடக்கத்தில் மூடியிருந்த பிளவு ஆகஸ்டில் வாய்திறந்திருக்கும். பாதை வாரத்துக்கு வாரம் மாறும். பழைய பயணக்குறிப்புகளை வைத்துக்கொண்டு ஏறுவது அதனால் முன்னைவிடவும் பொருத்தமற்றதாகிவிட்டது. ஜூன் பிற்பகுதியும் ஜூலையும் பனி நன்றாக மூடியிருக்கும் காலம் என்பதால், தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புள்ளவர்கள் அப்போதே போவது நல்லது.

சமவெளி முடிந்ததும் உண்மையான ஏற்றம். சரிவு கடுமையான இடத்தில் ஏறத்தாழ 35 பாகை. பனியில் வெட்டிய குறுக்குத்தடம் சாய்வாக மேலேறுகிறது. கிராம்பானின் முட்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் பனியில் இறங்கும்படி பாதத்தைத் தட்டையாக வைக்கவும், ஒரு காலின் முள் மற்றக் காலின் கால்சட்டையில் மாட்டாதபடி கால்களை அகட்டி நடக்கவும், பனிக்கோடரியை எப்போதும் மலைப்பக்கக் கையில் வைத்திருக்கவும் சரிவின் அடியிலேயே சொல்லிக்கொடுத்தார். பிறகு அவர் நடந்த வேகம் எங்களுக்கு முதலில் எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக இருந்தது. ஓர் அடி, ஒரு மூச்சு, அடுத்த அடி. பத்து நிமிடம் கழித்து அந்த வேகமே போதும் என்றாகி, இருபது நிமிடம் கழித்து அதுவும் அதிகமோ என்று தோன்றத் தொடங்கியது. வேகமாக எங்களைக் கடந்துபோன ஒரு குழு, சரிவின் நடுவில் குனிந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் அதே நிதானத்தில் அவர்களைத் தாண்டினோம்.

எங்களில் ஒருவருக்குப் பாதிச் சரிவில் தலைவலி தொடங்கியது. வழிகாட்டி கயிற்றை நிறுத்தி, அவரிடம் பெயரையும் ஊரையும் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதையும் கேட்டார். பேச்சில் தெளிவு இருக்கிறதா, நடையில் தள்ளாட்டம் இருக்கிறதா என்று கவனித்தார். தண்ணீர் குடிக்கச்செய்து ஐந்து நிமிடம் பொறுத்துப்பார்த்தார். குமட்டல் இல்லை, தலைவலி கூடவில்லை என்பது உறுதியான பிறகே தொடர்ந்தார். வலி கூடினால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் நால்வரும் சேர்ந்தே இறங்குவோம், மேலே ஏறித் தேறிவிடலாம் என்பது உயரநோயில் நடக்காது என்று எங்கள் எல்லோரிடமும் சொன்னார். ஒரே கயிற்றில் கட்டப்பட்ட குழுவில் ஒருவர் மட்டும் திரும்ப முடியாது என்பதை நண்பர்களோடு போகிறவர்கள் முன்னரே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சிகரத்துக்கு நூறு மீட்டர் கீழே வைத்து அதைப் பேச நேர்ந்தால், யாருக்காக யார் விட்டுக்கொடுப்பது என்ற மனத்தாங்கல் வரும்.

சரிவின் மேல்விளிம்பில் குறுகலான பனிமுகடு வருகிறது. அதன் வடபுறம் கோர்னர் பனியாற்றை நோக்கிச் செங்குத்தாக இறங்குவது. காற்று அடுக்கிவைத்த பனிவிளிம்பு அந்தப் பக்கம் வெறும் வெளியின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்க்கையில் அது முகட்டின் பகுதியாகவே தெரியும் என்பதால், உச்சியில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பதை வழிகாட்டி கோடரியால் கோடு கிழித்துக் காட்டினார். உச்சிக்காட்சியைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதில் மிகை இல்லை. கிழக்கே காஸ்டர், போலக்ஸ், லிஸ்காம் ஆகியவற்றுக்கு அப்பால், 4,634 மீட்டர் டுஃபூர்ஷ்பிட்ஸைத் தலையாகக் கொண்ட மோன்டே ரோசாத் திரள். மேற்கே, வழக்கமான படங்களில் பார்த்தறியாத கோணத்தில் மேட்டர்ஹோர்ன். அதற்கும் அப்பால் தொலைவில் மோன் பிளாங். வடக்கே வைஸ்ஹோர்னும் டோமும். தெற்கே இத்தாலியின் பள்ளத்தாக்குகள் மேகத்தில் மூழ்கியிருந்தன.

அங்கே எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். இவ்வளவு செலவழித்து வந்த பிறகு இது போதாது என்று எங்களில் இருவர் பின்னர் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முகடு சிறியது, பின்னால் குழுக்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன, இத்தாலி இணைப்பு வந்த பிறகு இரு நாடுகளிலிருந்தும் ஆள்கள் வருகிறார்கள். தனிமையைத் தேடுபவர்களுக்கு ஏற்ற சிகரம் இதுவன்று. வார இறுதியைத் தவிர்த்தால் ஓரளவு நெரிசல் குறையும்.

இறங்கும்போதுதான் சேவையின் மதிப்பு முழுமையாகத் தெரிந்தது. சமவெளிக்கு வந்து சேர்வதற்குள் இத்தாலிப் பக்கத்திலிருந்து மேகம் ஏறி, முன்னே செல்பவரின் கயிறு மேகத்துக்குள் மறைகிற அளவுக்கு எல்லாம் வெண்மையாகிவிட்டது. வானமும் தரையும் ஒரே நிறம்; ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதுகூடப் பாதத்துக்குத்தான் தெரிந்தது. காலையில் பார்த்த கேபிள் கார் நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்களைக் கேட்டிருந்தால் நான்கு பேரும் நான்கு திசையைக் காட்டியிருப்போம். வழிகாட்டி ஜிபிஎஸ் கருவியை ஒருமுறை பார்த்தார், திசைகாட்டியை ஒருமுறை பார்த்தார், காலையில் பிளவைச் சுற்றிய இடத்தில் மறுபடியும் சுற்றினார், கொஞ்ச நேரத்தில் பனிச்சறுக்குத் தடத்தின் கொடிக்கம்பு கண்ணில் பட்டது. அதே மேகத்துக்குள் கயிறில்லாமல், ஓட்டக் காலணியுடன், ஒருவர் பின் ஒருவராக இருவர் சிகரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி நின்று அவர்களிடம் பேசினார். சற்று வாதாடிய பிறகு எங்கள் தடத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களும் திரும்பினார்கள். இச்சிகரத்தை வழிகாட்டியில்லாமல் ஏறுவது சட்டப்படி தடுக்கப்பட்டதன்று. பனியாற்றில் கயிறு கட்டி நடக்கவும், பிளவில் விழுந்தவரை மேலே தூக்கவும், மேகத்தில் திசை கண்டுபிடிக்கவும் பழகிய குழுவுக்கு வழிகாட்டி தேவையுமில்லை. இந்த மூன்றில் ஒன்று தெரியாதவர்களும் 200 பிராங்கை மிச்சம் பிடிக்க முயல்வது எனக்குப் புரியவில்லை.

செர்மாட்டின் மேட்டர்ஹோர்ன் அருங்காட்சியகத்தில், 1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹோர்னை முதன்முதலாக ஏறி இறங்கிய எழுவரில் நால்வர் விழுந்து மாண்டபோது அறுந்த கயிற்றின் துண்டு வைக்கப்பட்டிருக்கிறது. பிற்பகலில் திரும்பிய பின் நேரம் இருப்பவர்கள் அதைப் பார்க்கலாம். கயிறு கட்டியிருப்பது மட்டுமே காப்பாகாது, யார் எந்தக் கயிற்றில் எந்த வரிசையில் கட்டப்பட்டிருக்கிறார்கள் என்பதும் உயிருக்குரிய செய்தி என்பதை அந்த மெல்லிய துண்டு நன்றாகவே விளக்குகிறது.

குறைகளில் முக்கியமானது முன்பதிவு விதிகளைப் பற்றியது. வானிலை மோசமானால் நிறுவனமே ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருகிறது; ஆனால் மேல்நிலையம்வரை போய், அங்கே காற்றைப் பார்த்து வழிகாட்டி திரும்ப முடிவு செய்தால், அது நடந்த சேவையாகவே கணக்கில் வைக்கப்படும், கேபிள் கார்ச் செலவும் நம்முடையதே. வழிகாட்டியின் முடிவு பணக்கணக்கால் பாதிக்கப்படாமல் இருக்க இது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லாமல், விதிகளின் நீண்ட பட்டியலுக்குள் வைத்திருப்பதுதான் சரியில்லை. மற்றொன்று, குழுவின் அளவு. நாங்கள் நால்வர் என்று பதிவு செய்திருந்தும், அறிமுகமில்லாத இன்னும் இருவரை அதே கயிற்றில் சேர்க்கலாமா என்று காலையில் கேட்டார்கள். மறுத்தபோது உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்றாலும், அந்தக் கேள்வியை முந்தைய மாலையே கேட்டிருக்கலாம். கூட்டுக்குழுவில் பதிவு செய்பவர்கள் ஒரு கயிற்றில் அதிகபட்சம் எத்தனை பேர் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு பேர் சேர்ந்து தனி வழிகாட்டியை அமர்த்தினால் தலைக்கு வரும் தொகை பெரிதாக வேறுபடுவதில்லை, வேகத்தையும் நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதால் நண்பர்களாகப் போகிறவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

இதே வகையில் வேறு இரண்டு சிகரங்களும் ஒருநாள் சேவையாகக் கிடைக்கின்றன. சாஸ்-ஃபே ஊரிலிருந்து சுரங்க ரயிலில் ஏறி அடையும் அலலின்ஹோர்ன், 4,027 மீட்டர், உயரத்தில் பிரைட்ஹோர்னைவிடக் குறைந்தது. ஆனால் ரயில் இறக்கிவிடும் இடம் தாழ்வாக இருப்பதால் காலால் ஏற வேண்டியது கூடுதல், வழியிலுள்ள பிளவுகளும் பெரியவை. ஓரளவு நடைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது இதைவிட நிறைவளிக்கலாம். யுங்ஃப்ராவ்யோஹ் என்னும் மலை ரயில் நிலையத்திலிருந்து ஏறும் மோன்ஹ், 4,107 மீட்டர், பாறையும் கூர்மையான பனிமுகடும் கலந்தது. உயரத்தில் தலைசுற்றும் இயல்புள்ளவர்களை அங்கே அழைத்துச் செல்லக்கூடாது. பனியில் முதன்முறையாக நடக்கும் நண்பர்கள் குழுவில் இருந்தால் பிரைட்ஹோர்னே பொருத்தம்.

போகிறவர்கள் பையில் வைக்க வேண்டியவற்றில் பலரும் அலட்சியப்படுத்துவது கறுப்புக் கண்ணாடியும் வெயில்காப்புப் பூச்சும். புதுப்பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் எண்பது விழுக்காடுவரை திருப்பி எறிகிறது. அதனால் முகத்தின் அடிப்பகுதியும் மூக்கின் உட்புறமும்கூட வெந்துபோகும். கறுத்த தோலுக்கு இது நேராது என்று எங்களில் ஒருவர் நம்பியிருந்தார், மறுநாள் அவருடைய உதடு வெடித்திருந்தது. பக்கவாட்டிலும் மறைக்கும், கருமையளவில் மூன்றாம் அல்லது நான்காம் பிரிவைச் சேர்ந்த கறுப்புக் கண்ணாடியும், உதட்டுக்கான பூச்சும், இரண்டு இணைக் கையுறைகளும் போதும். உணவுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். அந்த உயரத்தில் பசி எடுப்பதில்லை, உலர்பழமும் சாக்லேட்டும் ஒரு லிட்டர் வெந்நீரும் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தன. கழிப்பறை மேல்நிலையத்தில்தான் இருக்கிறது, ஹார்னெஸ் கட்டுவதற்கு முன்பே போய்விட்டு வரவும்.